பின்னும் கையும் வரையும் கையும்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பழைய வீடொன்றின் முன்கூடத்தில் அமர்ந்து சுற்றிலும் நோக்குவோமாயின், கதிரையின் சாய்மானத்திலும் அலுமாரித் தட்டிலும் வெண்ணூலாற் பின்னிய விரிப்புகளைக் காணலாம். கதிரை, அலுமாரி என்னுஞ் சொற்களைப் போலவே, அவ்விரிப்பின் ஓரத்து ரேந்தையின் பெயரும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதாகும். சிங்களத்தில் அது ‘ரேந்த’. 1656ஆம் ஆண்டு கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தவர்களின் சொல், இரு மொழியினரின் வீடுகளிலும் இன்றும் வழங்குகின்றது. சொல்லின் பிறப்பை அறிந்த நாம், பின்னிய கையின் வரலாற்றை அறிந்திருக்கின்றோமா?

நெசவுக்குப் பாவும் ஊடையும் வேண்டும். பின்னலுக்கோ ஒற்றை நூலே போதும். இரண்டு ஊசிகளில் ஒரு வரிசைக் கண்ணிகளை ஏந்திப் பின்னுவது நிட்டிங். ஒரே கொக்கியூசியால் ஒவ்வொரு கண்ணியாக முடித்துச் செல்வது குரோஷே. இவ்வேறுபாடு கண்ணுக்குச் சிறிது, விளைவிற் பெரிது. நிட்டிங்கைப் பொறி எளிதிற் கைப்பற்றியது. 1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். 1811இல் நொட்டிங்காம் வட்டாரத் தொழிலாளர், கூலிக்குறைப்பையும் மட்டமான உற்பத்தியையும் எதிர்த்து அத்தகைய பொறிகளை உடைத்தனர். மறுவருடமே பொறியுடைப்புக்கு மரணதண்டனை விதிக்குஞ் சட்டம் வந்தது. நாம் அன்றாடம் அணியும் பெனியன் துணி அப்பொறியின் வழித்தோன்றலே.

குரோஷேயின் கதை வேறு. அதனை அப்படியே பின்னி வணிகச் சந்தைக்கு அனுப்பவல்ல பொறி இன்றளவும் வரவில்லை. எனவே குரோஷே விரிப்பொன்று கடையில் மலிவாகக் கிடைக்குமாயின், அம்மலிவு பொறியின் திறனால் வந்ததன்று. எங்கோ ஒரு பெண்ணின் கூலியிலிருந்து வந்ததாகும். இவ்வுண்மை மனங்கொள்ளத்தக்கது.

ரேந்தைக் கலை தமிழ்ப் பெண்களின் பிழைப்பாக மாறிய வரலாற்றில் நாகர்கோவிலுக்குத் தனியிடம் உண்டு. 1819இல் அங்கு வந்த மிஷனரி மார்த்தா மோல்ட், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் ரேந்தை வேலையைக் கற்பித்தார். இது குரோஷே அன்று. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. காலியிலும் வெலிகமவிலும் சிங்களப் பெண்கள் ‘பீரளு’ எனச் செய்துவருவதும் இவ்வகையே. அக்காலத் திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. 1855ஆம் ஆண்டிற்றான் அது முற்றாக ஒழிக்கப்பட்டது. ரேந்தைக் கூலியைச் சேமித்து, தமது விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் அங்கிருந்தனர். 1859வரை மேலாடை உரிமைக்குப் போராட வேண்டியிருந்த சமூகத்துப் பெண்கள், ஐரோப்பியச் சீமாட்டிகளின் ஆடைக்கு ரேந்தை பின்னினர் என்பது வரலாற்றின் கொடிய முரண். கூலி அவர்களுடையது, கோலமோ பிறருடையது.

ஆந்திரத்து நர்சாப்பூரிலும் மிஷனரிகள் வழியாகவே இக்கைவேலை பரவியது. அங்கு அது குரோஷே. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் அப்பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. வீட்டுவேலையோடு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணிநேரம் பின்னியவர்கள் தொழிலாளராகக் கணிக்கப்படவில்லை. ஓய்வுநேரத்தைப் பயன்படுத்தும் இல்லத்தரசிகள் எனப்பட்டனர். ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள். மற்றொருத்தி பூக்களை இணைப்பாள். முழு விரிப்பின் வடிவமும் விலையும் வணிகனின் கையில் இருந்தன.

இதனை வெள்ளவத்தையின் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குவோம். இங்கிருந்த நூற்பு நெசவாலையில் 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இந்திய வம்சாவளியினரும் சிங்களவருமான அத்தொழிலாளரின் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் கொல்வின் ஆர். டி சில்வா. ஆலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் உயர்ந்துள்ளன. ஆயினும் அப்போராட்டம் இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஒரே கூரையின்கீழ் உழைத்தவர்களுக்கு மறியல் செய்ய ஆலை வாயில் ஒன்றிருந்தது. தனித்தனி வீட்டு முன்கூடங்களில் இருந்து பின்னுபவளுக்கு எந்த வாயில்?

கூரை மட்டும் போதுமா என்றாற் போதாது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபின், ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஒரே கூரையின்கீழ் ஆடை தைக்கின்றனர். ஆனால் அவ்வாடைகளுள் மிகப் பல, வெளிநாட்டுக் கொள்வனவாளர் வகுத்த வடிவங்களே. தைக்கும் கையும் வரையும் கையும் பிரிந்திருக்கும்வரை, மதிப்பின் பெரும்பங்கு வரையும் கையின் பக்கமே சாயும்.

ஆதலின் நமது மாணவருக்குப் பின்னக் கற்பித்தால் மட்டும் போதாது. கோலத்தைத் தாமே வகுக்கவுங் கற்பிக்கவேண்டும். இஃது அரிய வித்தையன்று. கட்டத்தாளில் சில கட்டங்களை நிரப்பிச் சிலவற்றை வெறுமையாக விட்டால் உருவம் தோன்றும். ஒரு கட்டத்துக்கு மூன்று கண்ணி, இறுதியில் ஒன்று: இருபது கட்ட அகலத்துக்கு 61 கண்ணிகள், வரிசை திரும்புவதற்கானவை தனி. புள்ளியெண்ணிக் கோலமிடும் நம் தாய்மார் இக்கணக்கின் உறவினரை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அதனை ‘கைப்பழக்கம்’ என்று கூறி, அறிவென ஏற்க மறுத்தவர்கள் நாமே.

மனைப்பொருளியல் வகுப்பில் மாணவர், மாணவியர் இருபாலாரும் கட்டத்தாளை எடுக்கட்டும். தாம் அன்றாடங் காணும் பனையையோ படகையோ தாமே வரைந்து பின்னட்டும். பின்னி முடித்ததும், அதே தாளின் அடியில் நூலின் விலையையும், சென்ற மணிநேரத்தையும், கடையில் அத்தகைய விரிப்புக்குக் கேட்கும் விலையையும் எழுதட்டும். அந்த மூன்று எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை, வீட்டுக்குச் சென்று கதிரையின் மேலுள்ள வெண்விரிப்பைக் கண்டால், அதைப் பின்னியவர் யார் என்று தன் பாட்டியிடம் கேட்காமல் இராது.