மோப்ப நாய்க்கு எட்டாத பாட்டு



"பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறீர்களா, இலவசமாக இறக்கிக் கொள்கிறீர்களா?" இம்முறை தொலைக்காட்சி அரங்கத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். வந்திருந்தவர்களைக் கையைத் தூக்கச் சொன்னேன். வாங்குகிறோம் என்று உயர்ந்த கைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இறக்கிக் கொள்கிறோம் என்று உயர்ந்த கைகளும் அதிகமில்லை. மற்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் உண்மையான பதில் இருந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

சரியா, தவறா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வதற்கு முன், இந்தப் பழக்கம் நம்மிடம் எப்படி வந்தது என்ற வரலாற்றைப் பார்ப்பது நல்லது. அரங்கத்தில் நேரம் போதாததால் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். அந்த வரலாற்றில் நம் ஜொகூருக்கு ஒரு தனி இடம் உண்டு.

ஜொகூருக்கு வந்த இரண்டு விருந்தாளிகள்

2007 மார்ச் மாதம். லக்கி, ஃபுளோ என்ற பெயருடைய இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் மலேசியாவுக்கு வந்து இறங்கின. வட அயர்லாந்தில் பயிற்சி பெற்ற நாய்கள் அவை. அமெரிக்கத் திரைப்படச் சங்கம் அவற்றை இரவல் கொடுத்திருந்தது. போதைப்பொருளையோ வெடிமருந்தையோ மோப்பம் பிடிக்கிற நாய்கள் அல்ல. குறுந்தட்டுகளைச் செய்யப் பயன்படும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கின் வாசனையைக் கண்டுபிடிப்பதுதான் அவற்றின் வேலை.

வந்த சில நாட்களிலேயே உள்நாட்டு வாணிப, பயனீட்டாளர் விவகார அமைச்சின் அமலாக்க அதிகாரிகள் அந்த நாய்களை ஜொகூர் பாருவுக்கு அழைத்து வந்தார்கள். அங்கே ஒரு கட்டடத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் கள்ளத் தட்டுகள் பிடிபட்டன. சிலர் கைதானார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் நம் ஜொகூர் பாருவைப் பற்றி எழுதின. அடுத்த சில நாட்களில் இன்னொரு செய்தியும் வந்தது. அந்த நாய்களைக் கொல்வதற்குக் கள்ளத் தட்டுக் கும்பல் விலை வைத்திருக்கிறது, 1 இலட்சம் வெள்ளி வரை பேசப்படுகிறது என்றார்கள். நாய்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நாயின் தலைக்கு விலை வைக்கிற அளவுக்கு அந்த வியாபாரம் வளர்ந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எஸ்பிஎம் எழுதும் ஆண்டு. ஜொகூரில் ஒரு தாமானில் குடியிருந்தோம். பாசார் மாலாமில் 5 வெள்ளிக்கு வாங்கிய எம்பி3 தட்டுகள் என் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. "அந்த நாய் நம்ம தாமானுக்கு வந்தா நேரா உன் ரூமுக்குத்தான் வரும்" என்று அண்ணன் கேலி செய்வார். ஆனால், அதைவிட அதிகமான பாட்டுகள் அண்ணனின் கணினியில் இருந்தன. இணையத்திலிருந்து இறக்கியவை. அவற்றுக்கு வாசனை கிடையாது. எந்த நாய் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலிகார்பனேட் வாசனை அசல் தட்டிலும் உண்டு, கள்ளத் தட்டிலும் உண்டு. எது அசல், எது கள்ளம் என்று நாய்க்குத் தெரியாது. அதைப் பிரித்தறிவது மனிதனின் வேலை. நம் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

நாடா செய்த மாற்றம்

நம் தாத்தா, பாட்டி காலத்தில் கிராமபோன் தட்டு இருந்தது. ஒரு தட்டை நகல் எடுக்கத் தொழிற்சாலை வேண்டும். ஆகவே, வீட்டில் இருந்தபடி யாரும் பாட்டைத் திருட முடியாது. 1963ல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாவை அறிமுகப்படுத்தியபோது நிலைமை மாறியது. ஒலிப்பதிவுக் கருவி உள்ள வீடெல்லாம் ஒரு சிறு தொழிற்சாலை ஆனது. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி நாடாவுடன் கடையில் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் பதிவு செய்து தருவார்கள். அம்மாவும் சித்தியும் அப்படிப் பதிந்த நாடாக்களைப் பொக்கிஷம் போல வைத்திருந்தார்கள். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. பாட்டுப் பட்டியல் எழுதுவதே ஒரு ரசனையாக இருந்தது.

சட்டம் பின்னாலேயே வந்தது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 1990 அக்டோபர் 1ல் நம் நாடு பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியாவில் வெளியாகும் பாடல்களுக்கும் இங்கே சட்டப் பாதுகாப்பு உறுதியானது. ஆனாலும் நாடாக் காலத்தில் இயற்கையாகவே ஒரு வேலி இருந்தது. நாடாவிலிருந்து நாடாவுக்கு, அதிலிருந்து இன்னொரு நாடாவுக்கு என்று போகப் போக இரைச்சல் கூடும், குரல் மங்கும். நல்ல ஒலி வேண்டுமென்றால் அசலைத்தான் வாங்க வேண்டும்.

அந்த வேலியைக் குறுந்தட்டு உடைத்தது. 1982ல் சந்தைக்கு வந்த குறுந்தட்டில் பாட்டு எண்களாகப் பதிவாகிறது. எண்களை ஆயிரம் முறை நகல் எடுத்தாலும் அவை அதே எண்கள்தான். அசலுக்கும் நகலுக்கும் காதால் வித்தியாசம் சொல்ல முடியாது. இதனால்தான் மலேசியா 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தட்டு செய்யும் தொழிற்சாலை உரிமம் பெற வேண்டும், ஒவ்வொரு தட்டிலும் தயாரிப்பாளர் குறியீடு இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2003 முதல் அசல் தட்டுகளின் உறையில் மின்னும் ஒட்டுவில்லையும் கட்டாயமானது.

ஐந்து வெள்ளிக்கு நூற்றைம்பது பாட்டு

இதற்கிடையில் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கழகத்தார் ஒலியைச் சுருக்கும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். 1995ல் அதற்கு எம்பி3 என்ற பெயர் நிலைத்தது. கணக்கைப் பாருங்கள். சாதாரணக் குறுந்தட்டில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். எம்பி3யில் சுமார் 1 மெகாபைட் போதும். பன்னிரண்டு, பதினைந்து பாட்டு கொள்ளும் ஒரு தட்டில் இப்போது நூற்றைம்பது பாட்டு. அதை 5 வெள்ளிக்குக் கொடுத்தால் யார்தான் அசலை வாங்குவார்கள்?

பிறகு தட்டே தேவையில்லை என்றானது. 1999ல் அமெரிக்காவில் தொடங்கிய நாப்ஸ்டர், முன்பின் அறியாதவர்கள் தங்கள் கணினியில் உள்ள பாட்டைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. வழக்குகளால் 2001ல் அது முடங்கியது. ஆனால் கசா, லைம்வயர் என்று தம்பிமார்கள் கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் முதலில் தொலைபேசிக் கம்பி வழி இணையம்தான். ஒரு பாட்டு இறங்கக் கால் மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது தொலைபேசியை எடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. ஸ்ட்ரீமிக்ஸ் இணைப்பு வந்த பிறகு ஒரு படத்தின் பாட்டு முழுவதும் அம்மா சமைத்து முடிப்பதற்குள் இறங்கிவிடும்.

சட்டப்படி வாங்க வழியில்லையா என்று கேட்கலாம். ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் பாட்டுக் கடையை அமெரிக்காவில் திறந்தது 2003 ஏப்ரலில். ஒரு பாட்டு 99 காசு. அதே கடை மலேசியாவுக்கு வந்தது 2012 ஜூனில். இடையில் ஒன்பது ஆண்டுகள்! ஸ்பாட்டிஃபை இங்கே வந்தது 2013 ஏப்ரலில். ஒரு தலைமுறையே இலவசத்துக்குப் பழகிய பிறகுதான் பெரிய கடைகள் கதவைத் திறந்தன. அந்த ஒன்பது ஆண்டுகளில் பாட்டுக்குக் காசு கொடுக்க மறுத்த நாமே, கைப்பேசியில் அழைப்பொலிக்கு மாதாமாதம் கட்டணம் கட்டினோம். ஆக, நம்மிடம் கொடுக்க மனமில்லை என்று சொல்ல முடியாது. கொடுப்பது சுலபமாக இருந்தால் கொடுக்கத்தான் செய்தோம்.

2011ல் தொடர்பு, பல்லூடக ஆணையம் பத்துப் பகிர்வுத் தளங்களை முடக்கச் சொன்னது. அதற்குப் பதிலடியாக முகம் தெரியாத கணினி ஊடுருவிகள் அரசு இணையத்தளங்கள் பலவற்றைத் தாக்கினார்கள். பாட்டு இறக்குவது அரசாங்கமே தலையிடும் விவகாரம் ஆகிவிட்டது.

நஷ்டம் யாருக்கு?

அரங்கத்தில் ஓர் இளைஞர் கேட்டார்: "கோடிக் கோடியாகச் சம்பாதிக்கும் சினிமாக்காரர்களுக்கு என் ஐந்து வெள்ளியால் என்ன நஷ்டம்?" கைதட்டல் பலமாக இருந்தது. கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், நம் நாட்டில் விஷயம் அங்கே முடியவில்லை.

திரைப்பாடலுக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. தட்டு விற்காவிட்டாலும் திரையரங்கு, தொலைக்காட்சி உரிமை என்று வருமானத்துக்குப் பல வழிகள் உண்டு. நம் உள்ளூர்க் கலைஞருக்கு என்ன இருந்தது? அந்த ஒரு தட்டுதான். டார்க்கி நாகராஜா போன்றவர்கள் மலேசியத் தமிழ்ப் பாட்டுக்கென்று ஒரு முகம் தேடிக் கொடுத்தார்கள். 2006ல் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் "வல்லவன்" வெளிவந்து தமிழ் ராப் பாட்டைக் கடல் கடந்து கொண்டு போனது. அதே ஆண்டுகளில்தான் பாசார் மாலாம் மேசைகளில் திரைப்பாடலும் உள்ளூர்ப் பாடலும் ஒரே எம்பி3 தட்டில் கலந்து கிடந்தன. நாம் சினிமாவை நினைத்து வீசிய கல், பக்கத்து வீட்டுக்காரர் மேல் விழுந்தது.

எதிர்த்தரப்பும் சொன்னார்கள்: "இலவசமாகப் பரவியதால்தானே பாட்டுக்குப் புகழ்? புகழ் வந்தால் மேடை வரும்." அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், மேடை யாருக்கு வரும்? பாடுகிறவருக்கு வரும். வரி எழுதியவருக்கு, கீபோர்டு வாசித்தவருக்கு, ராத்திரி முழுக்க விழித்து ஒலியைச் சேர்த்தவருக்கு? அவர்களை மேடைக்கு யாரும் அழைப்பதில்லை.

ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதே பெரிய கேள்விதான். மலேசியாவின் அகி மியூசிக் நிறுவனத்துக்கும் இளையராஜாவுக்கும் இடையிலான வழக்கில் 2019 ஜூன் 4ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இசையமைப்பாளருக்குத் தம் படைப்பின் மேல் உள்ள தனி உரிமையை அது வலியுறுத்தியது. அதன் பிறகும் அவருடைய பாடல்களைப் பற்றிய சட்டச் சண்டை ஓயவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுகளுக்கே இந்த நிலை என்றால், நம் ஊர்க் கலைஞர் எங்கே போய் நிற்பார்?

இன்றைய நிலை

இன்று பாட்டை இறக்கி வைப்பவர்களே குறைந்துவிட்டார்கள். பாசார் மாலாமில் தட்டு மேசை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். 2023ல் உலகம் முழுதும் பதிவிசைக்குக் கிடைத்த வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு இணைய ஒலியோட்டத்திலிருந்து வந்தது. 2022ல் நம் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதியில்லாத ஒலியோட்ட, ஒளியோட்டக் கருவிகளை விற்பவருக்கு 2 இலட்சம் வெள்ளி வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு, பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பங்கு கிடைக்கும். பெரிய நட்சத்திரத்துக்கு ஆயிரம் என்பது கண்மூடித் திறக்கும் நேரம். ஜொகூரில் ஓர் அறையில் பாட்டுச் செய்யும் இளைஞருக்கு அது ஒரு மலை. அன்று நாம் காசு கொடுக்காததால் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் கேட்காவிட்டால் கிடைக்காது. மனம் வைத்தால் இது நம்மால் முடிந்த காரியம்தான். உள்ளூர்ப் பாட்டைக் கலைஞரின் சொந்தப் பக்கத்தில் போய்க் கேட்பதற்குக் காசுகூட வேண்டாம்.

கடைசியாக ஒரு பாவமன்னிப்பு. 2006 தீபாவளி சமயம் எங்கள் வட்டாரத்துக் கலைநிகழ்ச்சிக்கு ஓர் உள்ளூர்ப் பாடகர் வந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு மேசை போட்டு, தம் தட்டை 20 வெள்ளிக்குத் தாமே விற்றுக் கொண்டிருந்தார். நான் வரிசையில் நின்று, அண்ணன் கணினியில் எரித்துக் கொடுத்த தட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

தொடர்பியல் டிப்ளோமா முடித்து, தொலைக்காட்சியில் வேலைக்குச் சேர்ந்து, பல ஆண்டுகள் கழித்து அதே பாடகர் எங்கள் நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்தார். ஒளிப்பதிவு முடிந்ததும் அந்தக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க அண்ணன் எத்தனை பேருக்கு எரிச்சுக் கொடுத்தாரு, தங்கச்சி?" என்றார். பள்ளித் தோழிகளுக்கும் சேர்த்து பதினொன்று என்றேன். மனத்துக்குள் கணக்குப் போட்டார். "இருநூத்து இருபது வெள்ளி. கிட்டார் வாசிச்ச பையனுக்கு நான் பாக்கி வெச்சது அவ்வளவுதான். அவன் அப்புறம் வாசிக்க வரலே" என்றார்.

அந்தத் தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து பாதி அழிந்துவிட்டது. எந்தக் கருவியில் போட்டாலும் பாட்டு வருவதில்லை. வீடு மாறும் போதெல்லாம் எடுத்து வைத்துக் கொள்கிறேன்.