பெயர் காட்டிய இடமும் நோய் பிறந்த இடமும்

சினைப்பை, சூலகம், கருமுட்டைப்பை என எச்சொல்லால் குறித்தாலும், ‘சினைப்பைப் புற்றுநோய்’ என்ற பெயர் நோயின் பிறப்பிடத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. மொழியியல் பயின்ற எனக்கு இவ்வாய்வின் வரலாற்றில் ஈடுபாடு வந்தது அதனால்தான். பெயர் சுட்டிய உறுப்பிலேயே நெடுங்காலம் தேடினர். ஆய்வுக்கென உருவாக்கிய விலங்குகளும் பெரும்பாலும் அந்த நம்பிக்கையின்படியே அமைந்தன.

1971இல் எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா ‘லான்செட்’ இதழில் ஒரு கருதுகோளை முன்வைத்தார். கருமுட்டை வெளிப்படும் ஒவ்வொரு முறையும் சினைப்பையின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது. ஓய்வின்றி இது நிகழ்வதே புற்றுக்கு வழிவகுக்கலாம் என்பது அவர் எண்ணம். அதற்குத் துணைநின்றது முட்டைக்கோழி. பிற விலங்குகளில் அரிதான இந்நோய், ஏறக்குறைய நாள்தோறும் முட்டையிடும் கோழிக்கு வயது ஏற ஏறத் தானாகவே வருகிறது. (இத்தனைக்கும் கோழிக்குச் செயல்படும் சினைப்பை இடப்புறம் ஒன்றே!) ஆனால் நோய் தோன்ற ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆய்வகங்கள் சுண்டெலியையே நாடின.

2000இல் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் கேத்தரின் ரோபியின் குழு, சுண்டெலியின் சினைப்பை மேற்பரப்புச் செல்களை ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் வளர்க்க, அவை தாமாகவே புற்றுத்தன்மை எய்தின. ஐடி8 என்னும் அச்செல்கள் உலகெங்கும் பரவின. பின்னர் 2011இல், மிகுதியாகக் காணப்படும் கொடிய வகைச் சினைப்பைப் புற்றின் கட்டிகளை அமெரிக்க ஆய்வுத் திட்டமொன்று ஆராய்ந்தபோது, 96 விழுக்காட்டில் டிபி53 மரபணு சிதைந்திருந்தது. ஐடி8இலோ அது பழுதின்றி இருந்தது! 2016இல்தான் கிரிஸ்பர் முறையால் அம்மரபணுவை நீக்கிய வடிவம் வெளியாயிற்று.

பிறப்பிடம் பற்றிய ஐயம் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. மரபுவழி இடர் உள்ள பெண்களிடம் முன்னெச்சரிக்கையாக நீக்கப்பட்ட கருக்குழாய்களில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களை 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டனர். இதை எலியில் சோதித்தது ஹூஸ்டனில் மார்ட்டின் மட்சுக்கின் குழு. 2012இல் வெளியான அச்சோதனையின் எளிமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. டைசர், பிடென் என்ற இரு மரபணுக்களை இழந்த எலிகளில் சினைப்பையை நீக்கினர், புற்று வந்தது. கருக்குழாயை நீக்கினர், வரவில்லை. அந்த எலிகளிலும் டிபி53 சிதையவில்லை என்ற குறை உண்டு. மறுஆண்டே ரோனி ட்ராப்கினின் குழு, கருக்குழாயின் சுரப்புச் செல்களில் பிராக்கா, டிபி53, பிடென் மரபணுக்களைச் சிதைத்தது. அங்கே தொடங்கிய புற்று சினைப்பைக்கும் வயிற்றறைக்கும் பரவியது.

பிராக்கா மரபணுப் பிறழ்வுள்ள பெண்ணுக்கு இது ஏட்டு விவாதமன்று. இளவயதில் சினைப்பையை இழந்தால் மாதவிடாய் உடனே நின்று, எலும்பும் இதயமும் பாதிப்புக்குள்ளாகலாம். முதலில் கருக்குழாயை மட்டும் நீக்கி, சினைப்பையைச் சில ஆண்டுகள் விட்டுவைக்கலாமா என்பதை இப்போது நெதர்லாந்திலும் பிற நாடுகளிலும் அப்பெண்களிடமே ஆராய்ந்துவருகிறார்கள்.