லைன் இல்லாத ரேஸ் கோர்ஸ்

பி.காம். படித்தவனுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? நியாயமான கேள்விதான். ஆனால் மெர்க்கன்டைல் லா பேப்பரில் ஒரு குதிரை வரும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பிரிவு 30. பந்தயம் கட்டுகிற ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த காசைக் கொடு என்று கோர்ட்டுக்குப் போக முடியாது. கூடவே ஒரு விதிவிலக்கும் உண்டு. 500 ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள குதிரைப் பந்தயப் பரிசுக்குச் சந்தா திரட்டினால், அது மட்டும் செல்லும். சட்டம் எழுதிய வெள்ளைக்காரர்களுக்குக் குதிரை மேல் அப்படியொரு பாசம்!

அந்தப் பாசத்தின் பிறந்த வீட்டைப் பார்க்கத்தான் இங்கிலாந்தின் வடமேற்கு மூலைக்கு ரயில் ஏறினேன். லங்காஸ்டரில் பிடித்த குட்டி ரயில், மோர்கம் வளைகுடாவின் ஓரமாக ஊர்ந்து போகிறது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டியவரை ஈர மணல். 1857-ல் ரயில் வருவதற்கு முன்னால், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து ஜனங்கள் அந்த மணலைத்தான் வண்டி கட்டிக் கடந்தார்கள். கொஞ்சம் அசந்தால் புதைமணல், இன்னும் கொஞ்சம் அசந்தால் அலை. வழிகாட்டுவதற்கென்றே அரசரே ஆள் நியமித்திருந்தார். அந்தப் பதவி இன்னும் இருக்கிறது.

இறங்கிய ஸ்டேஷனின் பெயர் கார்க். (அயர்லாந்தில் வேறொரு கார்க் உண்டு. அதுவும் இந்தக் கதையில் வரும். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அங்கிருந்து ரெண்டு மைல் நடந்தால் கார்ட்மெல்.

ஊர் என்று பார்த்தால் ஒரு சதுக்கம், சில தெருக்கள், ஒரு குட்டி ஆறு. நடுவில் 12-ம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் மார்ஷல் என்கிற பிரபு கட்டத் தொடங்கிய துறவி மடம். மடத்தின் கோபுரத்தைப் பார்த்தால் கொத்தனார் தூக்கக் கலக்கத்தில் இருந்தாரோ என்று தோன்றும். சதுரக் கோபுரத்தின் தலையில் இன்னொரு சதுரத்தைக் கோணலாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். எட்டாம் ஹென்றி நாட்டிலுள்ள மடங்களையெல்லாம் இழுத்து மூடியபோது இதுவும் மூடப்பட்டது. ஆனால் கோயில் பகுதி தப்பித்தது. ஊர்க்காரர்களும் வழிபட அங்கே பலிபீடம் வைத்திருந்தார் வில்லியம். அந்த உரிமைதான் காப்பாற்றியது. ஆக, சட்ட நுணுக்கத்தால் பிழைத்த ஊர் இது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சதுக்கத்தின் பின்னால், வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது ரேஸ் கோர்ஸ். துறவிகள் பொழுதுபோகாமல் கோவேறு கழுதைகளை ஓடவிட்டதில் ஆரம்பித்தது என்று உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள். ஏட்டில் இருப்பது 1856 முதல். இரண்டாம் உலகப் போர் வரை வருடத்துக்கு ஒரே ஒரு நாள் பந்தயம். இப்போது மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்பது பத்து நாள். அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் புல்வெளி.

நம்ம கிண்டியில் பார்த்தது தட்டை ஓட்டம். இங்கே தாண்டல் ஓட்டம். ஹர்டில் என்றால் குறைந்தது மூன்றரை அடி. ஃபென்ஸ் என்றால் நாலரை அடிக்குக் குறையாத புதர்ச் சுவர். இந்தப் பைத்தியக்காரத்தனத்தின் மூலம் அயர்லாந்து. 1752-ல் கார்க் மாவட்டத்தில் ரெண்டு பேர், பட்டவன்ட் ஊர் சர்ச்சிலிருந்து டோனரைல் ஊர் சர்ச் கோபுரம்வரை, வழியில் வேலி வந்தாலும் வாய்க்கால் வந்தாலும் தாண்டியே ஓடுவது என்று பந்தயம் கட்டினார்கள். கோபுரத்தைக் குறிவைத்து ஓடியதால் ஸ்டீப்பிள்சேஸ்.

கார்ட்மெல் களம் சுற்றளவில் ஒரு மைல்தான். ஆனால் கடைசித் தடையைத் தாண்டியபின் அரை மைல் வெறும் ஓட்டம் பாக்கி. பிரிட்டனிலேயே இதுதான் அதிக நீளம். அந்தப் பாதை களத்தின் நடுவே போகிறது. பக்கத்திலேயே ராட்டினம், பலூன், கறி வறுக்கிற புகை. நான் போன அன்று திருவிழாக் கூட்டம். குதிரை பார்க்க வந்தவர்களைவிடக் குடும்பத்தோடு சாப்பிட வந்தவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு சின்ன ஊர் எப்படி உலகப் பிரசித்தம் ஆனது? இங்கே இல்லாத ஒன்றால். டெலிபோன் லைனால்.

1974, ஆகஸ்ட் 26, திங்கள்கிழமை. வங்கி விடுமுறை. பிரிட்டன் முழுக்க ஏகப்பட்ட களங்களில் பந்தயம். லண்டன் பெட்டிங் கடைகளுக்குள் சில அயர்லாந்துக்காரர்கள் நுழைகிறார்கள். ஐந்து பவுண்ட், பத்து பவுண்ட் என்று சில்லறையாகப் பந்தயம் கட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். எல்லாம் ஒரே லாயத்துக் குதிரைகள். கே ஃப்யூச்சர், ஓபரா க்ளோக், ஆங்கர்விக். முதலாவது கார்ட்மெலில் ஓடுகிறது. மற்ற ரெண்டும் சவுத்வெல், பிளம்ப்டன் களங்களில். மூன்றில் ரெண்டைச் சேர்த்து டபுள்.

டபுள் என்றால் ரெண்டு குதிரையும் ஜெயிக்கணும். ஒன்று தோற்றாலும் காசு போச்சு. அதனால் டபுள் கட்டுகிற ஆசாமியைப் பார்த்தால் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுப்பார். அவ்வளவு லாபம். ஆனால் விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. ஒரு குதிரை ஓடவே இல்லை என்றால், மொத்தக் காசும் மற்ற குதிரையின் மேல் போய் உட்காரும்.

புரிந்துவிட்டதா? ஓபரா க்ளோக்கும் ஆங்கர்விக்கும் ஓடவில்லை. வழியில் வண்டி பிரேக்டவுன் என்றார்கள். சுமார் 30,000 பவுண்டும் சத்தமில்லாமல் கே ஃப்யூச்சர் தலையில் இறங்கியது.

திட்டத்தின் மூளை டோனி மர்ஃபி, அயர்லாந்து கார்க்கைச் சேர்ந்த கட்டட கான்ட்ராக்டர். ஸ்காட்லாந்தின் ட்ரூன் ஊரில் லாயம் வைத்திருந்த டோனி காலின்ஸ் கூட்டாளி. அசல் கே ஃப்யூச்சர் அயர்லாந்தில் ரகசியமாகத் தயாராக, காலின்ஸ் லாயத்தில் அதே பெயரில் ஒரு சோப்ளாங்கிக் குதிரை நின்றது. கடைசி நேரத்தில் அசலை வரவழைத்தார்கள். களத்துக்குள் கொண்டுபோகும்முன் கால்களில் சோப்புத் தூளைத் தேய்த்தார்கள். பார்க்கிறவனுக்கு வியர்த்து நுரைதள்ளி நிற்கிற நோஞ்சான் குதிரை!

இப்போது லைன் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஒரு குதிரை மேல் கடைகளில் காசு குவிந்தால் புக்கி சும்மா இருக்க மாட்டான். களத்துக்குப் போன் போட்டு அதே குதிரை மேல் தானும் காசைக் கொட்டுவான். உடனே களத்தில் ரேட் இறங்கும். ரேஸ் கிளம்பும்போது என்ன ரேட்டோ அதுதான் ஊர்க் கடைகளிலும் பட்டுவாடா. பத்துக்கு ஒன்று ரெண்டுக்கு ஒன்றாகிவிட்டால் நஷ்டம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். காமர்ஸ் பாஷையில் ஹெட்ஜிங். இதற்காகவே களங்களுக்கும் கடைகளுக்கும் தனி டெலிபோன் லைன் இருந்தது. கார்ட்மெலுக்கு அது இருக்கவில்லை. மர்ஃபி அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். விழித்துக்கொண்ட ஒரு பெரிய நிறுவனம் பணத்தோடு ஓர் ஆளை விரட்டியதாகவும், விடுமுறை நெரிசலில் அவர் சிக்கிக்கொண்டதாகவும் சொல்வார்கள்.

கே ஃப்யூச்சர் 15 நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. ரேட் பத்துக்கு ஒன்று. கிடைக்க வேண்டியது சுமார் மூன்று லட்சம் பவுண்ட்.

கவிழ்த்ததும் ஒரு போன்தான். ஒரு பத்திரிகைக்காரர் காலின்ஸ் லாயத்துக்குப் போன் செய்து அந்த ரெண்டு குதிரைகளும் எங்கே என்று கேட்டார். எடுத்தவர் அப்பாவியாக, இங்கேதான் புல் மேய்கின்றன என்று சொல்லிவிட்டார். பிரேக்டவுன் ஆன வண்டியில் இருக்க வேண்டிய குதிரைகள்!

ஸ்காட்லாந்து யார்டு வந்தது. 1976-ல் பிரஸ்டன் கோர்ட்டில் மர்ஃபிக்கும் காலின்ஸுக்கும் மோசடிச் சதி என்று தீர்ப்பானது. ஆளுக்கு 1,000 பவுண்ட் அபராதம், அவ்வளவுதான். நீதிபதிக்கே உள்ளூர அவர்கள் மேல் அனுதாபம் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். ஜாக்கி கிளப் பத்து வருடம் தடை போட்டது. 1979-ல் டெலிவிஷன் படமாகவும் எடுத்தார்கள். பிற்பாடு ஜேம்ஸ் பாண்டாகப் போகிற பியர்ஸ் பிராஸ்னன் அதில் உண்டு.

என்னைக் கேட்டால் தீர்ப்பு சரி. நம்ம ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுக்கிற வாக்கும் மோசடிதான். ஓடவிடும் உத்தேசமே இல்லாத குதிரைகளுக்குப் பெயர் கொடுத்தது அந்த ரகம்.

உறுத்துவது வேறு. பெரும்பாலான கடைகள் பணம் தர மறுத்தன. நேர்மையாக ஜெயித்தவனுக்கு மறுத்திருந்தாலும் அவன் ஒன்றும் செய்திருக்க முடியாது. 1845-ம் வருடத்துச் சூதாட்டச் சட்டப்படி, பிரிட்டனிலும் பந்தயக் கடனுக்கு கோர்ட் கதவு திறக்காது. புக்கி ஏமாற்றினால் வெறும் மரியாதைக் குறைவு. புக்கியை ஏமாற்றினால் கிரிமினல் கேஸ். இந்தக் கணக்கு நேராக 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் செப்டம்பரில்தான் புதுச் சட்டம் அமலாகி, பந்தயமும் ஒப்பந்தம் என்று ஆனது.

கடைசி ரேஸில் நானும் ஐந்து பவுண்ட் கட்டினேன். டபுள் எல்லாம் இல்லை, ஒரே குதிரை. கடைசித் தடையை என் குதிரைதான் முதலில் தாண்டியது. பக்கத்தில் கறி வாட்டிக்கொண்டிருந்தவர் தோளைத் தட்டி, அவசரப்படாதீங்க சார், இன்னும் அரை மைல் இருக்கு என்றார். ராட்டினத்தைத் தாண்டும்போது ரெண்டாவதாகிவிட்டது. கோட்டைத் தொடும்போது நாலாவது.

ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சட்டப்படி செல்லும் ரசீது.