பேசும் கருவியும் மறைந்த கலைஞனின் ஒலியும்

ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை வாத்தியம் பேசும் என்பது வெறும் உவமையன்று. பதுளை, பசறை, ஹாலி-எல, லுணுகலை முதலிய பகுதிகளில் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தது முன்னாளில் தப்பொலியே. சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, மாசி மாதக் காமன் கூத்துக்கு வேறோர் அடி என, லயத்தினுள் இருந்தோர் ஒலியைக் கேட்டே செய்தியை உணர்ந்தனர். எனினும் தப்பு குறிப்பைச் சொல்லுமேயன்றிச் சொல்லைச் சொல்வதில்லை. கருவியொன்று சொல்லையே உச்சரிக்க இயலுமா, உச்சரிக்கச் செய்த கலைஞன் மறைந்தபின் அவ்வொலியை மீட்க இயலுமா என்பன வரலாற்று நோக்கில் ஆராயத்தக்க வினாக்களாகும்.

முதல் வினாவுக்கு அமெரிக்க இசையுலகம் விடை கண்டது. 1964இல் பீட் ட்ரேக் என்பார் தமது ஸ்டீல் கிட்டாரின் ஒலியைக் குழாய் வழியே வாய்க்குள் செலுத்திப் பேசச் செய்தார். 1973இல் பொப் ஹைல் இதனைப் பெருமேடைக்கேற்ற வலுவுடைய சாதனமாக்கினார். ‘டோக் பொக்ஸ்’ எனப்படும் இச்சாதனத்தைச் சின்தசைசரோடு இணைத்துத் தமக்கே உரிய குரலாக்கியவர் ஓஹாயோ மாநிலத்தவரான றொஜர் ட்ரவுட்மன். ‘சாப்’ என்னும் குழுவின் தலைவரான இவர் 1980 முதல் வெளியிட்ட பாடல்களில் அவ்வொலி இயந்திரத்தனமாகவும் அதேவேளை நெஞ்சை நெகிழ்விப்பதாகவும் அமைந்தது. 1999 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

இதன் இயக்கத்தை விளங்கிக்கொள்ள நமக்குத் தொல்காப்பியப் பிறப்பியலே போதும். உந்தியினின்று எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகின்றது என்பது அவ்வாசிரியர் கொள்கை. டோக் பொக்ஸில் மிடற்றின் வேலையைச் சின்தசைசர் ஏற்கின்றது. கலைஞன் குரலெழுப்பாது, குழாயைக் கடைவாயில் வைத்து, நாவையும் இதழையும் மட்டும் அசைக்கின்றான். எழுத்தாகித் திரும்பும் ஒலியை முன்னுள்ள ஒலிவாங்கி ஏற்கின்றது. (இதனை வொக்கோடரோடு மயங்குவோர் பலர். வொக்கோடரில் எழுத்தை ஆக்குவது மின்சுற்று, இங்கோ வாய்.)

ஆகவே ட்ரவுட்மன் கையாண்ட மினிமூக், யமஹா டி.எக்ஸ். 100 ஆகியவற்றை விலைக்கு வாங்கலாம்; அவரது அண்ணத்தையும் நாவையும் வாங்க முடியாது. ஒரே கருவியில் ஒரே சுரத்தை இருவர் வாசிப்பினும் இரண்டு குரல்களே பிறக்கும். விசையை அழுத்துங் கணமும் இதழ் திறக்குங் கணமும் ஒன்றாதல் வேண்டும். சற்றுப் பிந்தினும் சொல் சிதையும். குழாய் வாயிலிருக்கையில் மெய்யெழுத்துக்களைத் தெளிவாக உச்சரிப்பதும் நீண்ட பயிற்சியால் மட்டுமே கைகூடுவது. பைரன் சேம்பர்ஸ் என்பார் இவ்வழியிற் பயின்றவர்; 2016இல் ப்ரூனோ மார்ஸின் ‘24கே மெஜிக்’ பாடல் அவரது டோக் பொக்ஸ் ஒலியோடு தொடங்குகின்றது. அது ட்ரவுட்மன் மரபின் தொடர்ச்சியே தவிர ட்ரவுட்மனின் குரலன்று. அவ்வேறுபாடு கேட்கக் கிடைப்பதே அதன் நேர்மை எனலாம்.

தமிழ்த் திரையிசை வேறொரு வழியை நாடிற்று. 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்கியா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஏ. ஆர். ரஹ்மான் 2024இல் ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தமை பாராட்டுக்குரியது. ஆயினும் இங்கு எந்த நாவும் எதனையும் கற்கவில்லை, கற்றது கணினி. அது கற்பதற்கும் தெளிவான ஒலிப்பதிவுகள் நிரம்ப இருத்தல் வேண்டும்.

ஊவாவின் தப்புக் கலைஞருக்கோ அத்தகைய பதிவுகள் மிக அரிது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு சென்ற குடும்பங்களோடு எத்தனை அடிகள் சென்றனவோ! எஞ்சியோரிடத்தும், தப்பைச் சாதி இழிவோடு பிணைத்த நம் சமூகத்தின் பார்வை, மகனைத் தந்தையிடம் கற்கவிடாது தடுத்தது. இதனைக் குடிபெயர்வினும் கொடிய காரணமாகவே கருதவேண்டியுள்ளது. இன்று சிலர் கைபேசியில் தப்படியைப் பதிவு செய்கின்றனர். அது தேவையான பணியே. ஆனால் பதிவில் அடியின் ஓசை கிடைக்குமேயன்றி, தோலை நெருப்பில் எவ்வளவு காய்ச்சுவது, சிறுகுச்சியை எவ்விரலால் அடக்குவது என்பன கிடையா. அவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம் தோட்டங்களில் உளர். அடியை முதலில் வாயாற் சொல்லிக்காட்டி, பின்னரே குச்சியைக் கையிற் கொடுப்பது அவர்தம் முறை.