பொது இருக்கையின் வரலாறு

வரலாறு என்றவுடன் மாணவர்களின் மனக்கண்முன் அரசர்களும் போர்களும் கோட்டைகளும் தோன்றுவது இயல்பு. அவற்றைக் கற்பதும் தேவையே. ஆயினும், நாள்தோறும் கண்ணெதிரே நிகழ்வதனாலேயே வரலாறு என்று நமக்குத் தோன்றாத செய்திகளும் பல உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். காலையில் புத்தகப் பையுடன் நீங்கள் ஏறி வருகிறீர்களே, அந்தப் பேருந்தின் வரலாறுதான் அது.

பெரம்பலூர் வட்டாரத்தாருக்கு இவ்வரலாறு மற்றவர்களுக்கு இருப்பதைவிட நெருக்கமானது. 1995-ஆம் ஆண்டில் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த தனி மாவட்டத்துக்குத் தலைநகரான பெரம்பலூருக்கு இன்றளவும் இருப்புப்பாதை இல்லை. 1920-களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப்பாதை அமைந்தபோது, அது அரியலூரைத் தொட்டுச் சென்றது. பெரம்பலூருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. ஆகவே, குரும்பலூர்க் கல்லூரிக்கு வந்து சேரும் மாணவிக்கும், குரும்பலூரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் கிழக்கேயுள்ள பெரம்பலூர் மருத்துவமனைக்குச் செல்லும் முதியவருக்கும், சின்ன வெங்காய மூட்டையுடன் சந்தைக்குப் புறப்படும் குடியானவருக்கும் சொந்த வண்டி இல்லையேல் பேருந்தே துணை. ரயிலுள்ள ஊரில் பேருந்து பல வழிகளுள் ஒன்று. ரயில் இல்லாத ஊரில் அதுவே வழி.

மோட்டார் வருவதற்கு முன்பும் இப்பகுதியில் பெருவழி இருந்தது. வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும் அவ்வழியின் பழமைக்குச் சான்றுகள். 1751-இல் சந்தா சாகிபின் படையும் முகம்மது அலியின் படையும் அங்கே மோதின. படைகள் சென்ற வழியில் வணிகரும் யாத்திரிகரும் சென்றனர். வசதி படைத்தவர் குதிரையிலோ பல்லக்கிலோ வில்வண்டியிலோ சென்றனர், மற்றவர் நடந்தனர். ஊர்தியைக் கண்டவுடனே உள்ளிருப்பவரின் நிலை இன்னதென்று தெரிந்துவிடும். மேலும், எல்லாரும் எல்லாத் தெருவிலும் நடக்கவும் இயலவில்லை. கேரளத்து வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மட்டும் 1924-ஆம் ஆண்டு தொடங்கி அடுத்த ஆண்டு வரை மக்கள் போராட வேண்டியிருந்ததை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

இத்தகைய சமுதாயத்தினுள்தான் மோட்டார் பஸ் வந்து நுழைந்தது. 1910-களின் தொடக்கத்தில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையை நிலைக்களனாகக் கொண்டு பஸ் தொழிலில் இறங்கினார். 1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு வண்டியை ஓட்டித் தொடங்கினார். டி.வி.எஸ். பஸ் வருவதைக் கண்டு கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று அக்கால மக்கள் சொல்வது வழக்கம். அப்படிச் சிறப்பித்துச் சொன்னதிலிருந்தே மற்ற வண்டிகளின் நிலையை நாம் ஊகிக்கலாம். ஆள் நிரம்பினால் புறப்படுவது, நிரம்பாவிட்டால் காத்துக் கிடப்பது, முன்னே செல்லும் வண்டியை முந்திக்கொண்டு ஆள் பிடிப்பது என்ற முறையில் பல வண்டிகள் ஓடின.

ஒழுங்கின்மையைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. ஆதி திராவிட மக்களை ஏற்றிச் செல்ல மறுத்த பஸ் முதலாளிகள் அக்காலத்தில் இருந்தனர். பணம் கையில் இருந்தும், இடம் வண்டியில் இருந்தும், பிறப்பைக் காரணம் காட்டி மனிதர் சாலையோரத்தில் விடப்பட்டனர். மாட்டுவண்டிக் காலத்து வேற்றுமை மோட்டார் வண்டியிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. பொறி புதிதாயினும் மனம் பழையதாகவே இருந்தது.

இதனை எதிர்த்து நடவடிக்கை எடுத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். சென்னையில் பாண்டி பஜார் என்று வழங்கும் கடைவீதி அவர் பெயரால் அமைந்ததே. 1920-களின் இறுதியில் அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தார். ஆதி திராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்துச் செய்யப்படும் என்று அவர் ஆணையிட்டார். இவ்வாணையின் நுட்பத்தை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். பஸ் ஒரு தனி மனிதருடைய சொத்தாக இருக்கலாம். ஆனால் அது ஓடும் சாலை பொதுச் சொத்து. பொதுச் சாலையில் கூலிக்கு வண்டி ஓட்டும் உரிமையை வழங்குவது பொது அமைப்பு. ஆகையால், அவ்வுரிமையைப் பெற்றவர் பொதுமக்களுள் ஒரு பகுதியினரை விலக்க இயலாது. அறிவுரை செய்யாத மாற்றத்தை உரிமத்தின் ஒரு நிபந்தனை செய்தது.

இதே வினா கால் நூற்றாண்டுக்குப் பின்னர்க் கடல் கடந்த நாட்டிலும் எழுந்தது. அமெரிக்காவில் கார் பெருகிவிட்ட காலம் அது. கார் வாங்க இயலாதவருக்கே பஸ் என்ற நிலை அங்குப் பல நகரங்களில் உருவாகியிருந்தது. அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் பஸ் பயணிகளுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஆயினும் முன் இருக்கைகள் வெள்ளையருக்கு உரியவை. 1955 டிசம்பர் முதல் நாள், ரோசா பார்க்ஸ் என்னும் தையற்கலைப் பெண்மணி, வெள்ளையர் ஒருவருக்காகத் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தார்; கைது செய்யப்பட்டார். அதன்பின் 381 நாள் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறவில்லை. பலர் நடந்தே வேலைக்குச் சென்றனர். இருபத்தாறு வயதே நிரம்பிய மார்ட்டின் லூதர் கிங் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். 1956-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் இருக்கை வேற்றுமை ஒழிந்தது. அம்மக்கள் பஸ்ஸை வெறுத்தவர்கள் அல்லர். அதனையே நம்பி வாழ்ந்தவர்கள். நம்பியிருந்த ஒன்றை நேர்மையுடையதாக ஆக்குவதற்காகவே அதனைச் சிறிது காலம் துறந்தனர்.

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பஸ் தொழிலை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. எந்த வழியில், எந்த நேரத்தில், எத்தனை பேரை ஏற்றி ஓட்டுவது என்பன அனுமதிச் சீட்டின் நிபந்தனைகள் ஆயின. உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. வண்டியின் பின்புறம் அடுப்பைப் பொருத்தி, கரியை எரித்து, அதிலிருந்து எழும் வாயுவால் பஸ்களை ஓட்டினர். மேட்டில் ஏற இயலாமல் திணறினாலும் அவை ஓடின; ஏனெனில் அவற்றை நம்பி மக்கள் இருந்தனர்.

1947-இல் சென்னை மாகாண அரசு முப்பது பஸ்களுடன் தலைநகரில் தானே போக்குவரத்தைத் தொடங்கியது. மாவட்டங்களிலோ தனியார் பஸ்களே நெடுங்காலம் ஓடின. 1967-இல் பொறுப்பேற்ற அறிஞர் அண்ணாவின் அரசு, பஸ் போக்குவரத்தைப் படிப்படியாக நாட்டுடைமையாக்கும் கொள்கையை மேற்கொண்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட அனுமதிகளை உடைய பெரிய நிறுவனங்களின் பஸ்களை எடுத்துக்கொள்ள 1971-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1972-இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்ற பெயர்களில் கழகங்கள் எழுந்தன. மூவேந்தரும் பல்லவரும் தேரில் உலா வந்ததைப் புலவர் பாடினர். அவர்கள் பெயர் தாங்கிய வண்டிகளிலோ பால்காரரும் பள்ளிச் சிறுவரும் உலா வந்தனர். சிறிய தனியார் நிறுவனங்கள் தொடர்ந்தன. அதனால்தான் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்தையும் தனியார் பேருந்தையும் அடுத்தடுத்து இன்றும் காண்கிறீர்கள்.

இவ்வரலாறு முழுவதும் ஏறுமுகமாகவே சென்றது என்று எண்ணிவிடலாகாது. 1997-இல் தென் மாவட்டத்தில் புதிதாக அமைந்த கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அவர் கட்டபொம்மனின் படைத்தலைவர்களுள் ஒருவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் தோன்றியவர். அப்பெயருக்கு எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு கலவரமாகி உயிர்களையும் பலி கொண்டது. முடிவில் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்ற ஒரே பெயர் வண்டிகளின் மேல் எழுதப்பட்டதற்குப் பின்னே இத்துயரம் இருக்கிறது. இருக்கையில் ஒழிந்த வேற்றுமை பெயர்ப்பலகையில் தலைகாட்டியது. சமத்துவம் ஒருமுறை வென்றால் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் அதனைக் காக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

அதே 1997-இல் பெரிய பேருந்து எட்டாத சிற்றூர்களுக்குச் சிற்றுந்துத் திட்டம் வந்தது. பள்ளி மாணவருக்குக் கட்டணமில்லாப் பயணச் சீட்டு கிடைத்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது நாள்தோறும் மிச்சமாகும் காசு. அதனினும் மேலாக, 'எங்கே போகிறாய், எதற்குக் காசு' என்று எவரையும் கேட்டு நிற்காமல் வெளியே புறப்படும் உரிமை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். வீட்டுக்கு வீடு இருசக்கர வண்டி நிற்கிறது, காரும் பெருகிவருகிறது. அதனைக் குறை சொல்வதற்கில்லை. நள்ளிரவில் நோயாளியை அழைத்துச் செல்லப் பேருந்துக்குக் காத்திருக்க முடியுமா? பேருந்தைப் பிடிக்க நாம் அதன் நேரத்துக்கு ஆட்பட வேண்டியிருக்கிறது என்பதும் மெய்யே. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் வருகைப் பதிவேட்டை நான் பார்த்ததுண்டு. ஒரே ஊர் மாணவர் அனைவரும் ஒரே நாளில் தாமதமாக வந்தால், காரணம் கேட்க வேண்டியதில்லை. காலைப் பேருந்து வரவில்லை என்பது பொருள்.

ஆயினும் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐம்பது பேர் ஒரு பேருந்தில் அமர்ந்து செல்லலாம். காருக்கு இருவர் வீதம் அவர்கள் சென்றால் இருபத்தைந்து கார்கள் வேண்டும். அவற்றுக்குச் சாலையில் எவ்வளவு இடம், எவ்வளவு எரிபொருள், சென்று சேர்ந்தபின் நிறுத்த எவ்வளவு நிலம்? இன்னொரு கணக்கு இதனினும் கடுமையானது. வசதியுள்ளோர் பத்துப்பேர் பேருந்தை விட்டு விலகினால் வசூல் குறையும். வசூல் குறைந்தால் ஒரு நடை நிறுத்தப்படும். நடை நின்றால் மேலும் சிலர் கடன்பட்டேனும் வண்டி வாங்குவர். வசூல் மேலும் குறையும். இறுதியில் வண்டி வாங்க இயலாதவர் மட்டும் நிறுத்தத்தில் நிற்பர். அவர்கள் யார்? சிறுவர், முதியோர், பெண்கள், கூலியாளர். மேலும், செல்வாக்குடையோர் ஏறாத பேருந்தின் குறையை எடுத்துச் சொல்ல எவரும் முன்வரார். முன்னாளில் ஆணையிட்டு விலக்கினர். இன்று ஒருவரும் ஆணையிடாமலே விலக்கம் நிகழ்ந்துவிடக்கூடும்.

ஆகவே, மாணவர்களே, பேருந்தில் வருவதை ஏழ்மையின் அடையாளமாகக் கருதி நாணாதீர்கள். படியில் தொங்காதீர்கள், முதியவர் நின்றால் எழுந்து இடம் கொடுங்கள், பக்கத்தில் அமர்பவரின் ஊரைக் கேளுங்கள், சாதியைக் கேளாதீர்கள். நாளை நீங்கள் வண்டி வாங்கினாலும், பேருந்து போதுமான இடத்துக்குப் பேருந்திலேயே செல்லுங்கள்.

மற்றொரு கடமையும் உண்டு. உங்கள் ஊருக்குக் காலைப் பேருந்து நேரத்துக்கு வரவில்லையானால் வீட்டில் முணுமுணுப்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த வழி, எந்த நேரம், நாள்தோறும் எத்தனை பேர் காத்திருக்கின்றனர், அவர்களுள் மாணவர் எத்தனை பேர் என்று ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தெளிவாக எழுதிக் கையொப்பமிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். ஒரு பக்கத்தில் அடங்கும் அம்மனு, சௌந்தரபாண்டியனார் பிறப்பித்த ஆணையின் வழியிலேயே செல்வது. சாலை பொது, ஆகவே அதன்மேல் ஓடும் வண்டியின் நேரத்தைக் கேட்கும் உரிமையும் பொது.