தமையன் குற்றமும் தம்பியின் நற்சான்றும்

உருசிய மன்னர் மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்லச் சதி செய்த மாணவன் அலெக்சாந்தர் உலியானோவ் 1887இல் தூக்கிலிடப்பட்டான். சிம்பிர்ஸ்க் நகரில் அவன் குடும்பத்தோடு பழகியோர் பலர் அவ்வீட்டு வாயிலை மிதிக்கவும் அஞ்சினர். அவ்வாண்டே தம்பி விளாதிமிர் பள்ளியிறுதித் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றான். தலைமையாசிரியர் பியோதர் கெரன்ஸ்கி எழுதிய நற்சான்றில் தமையனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாயின் வளர்ப்பைப் பாராட்டும் வரிகளோ இருந்தன! அரசு ஊதியம் பெறும் ஆசிரியர் அந்நாளில் அவ்வாறு எழுதுதல் எளிதன்று. நம்மில் எத்தனை பேர் எழுதியிருப்போம்?

கசான் பல்கலைக்கழகம் புகுந்த தம்பி, மாணவர் கிளர்ச்சியில் கலந்து டிசம்பரிலேயே நீக்கப்பட்டான். அவனே பின்னாளைய லெனின். 1917இல் அவர் கட்சி கவிழ்த்தது, அத்தலைமையாசிரியரின் மகன் அலெக்சாந்தர் கெரன்ஸ்கியின் ஆட்சியை. ஆதலின் சான்றே பிழையென்பர் சிலர். யான் உடன்படேன். 17 வயது மாணவனின் கல்வியையும் ஒழுக்கத்தையும் நேரிற் கண்டு எழுதப்பட்டது அது.