அலென்ஸ்வொர்த்: கல்வியை நம்பி எழுந்த சிற்றூர்

அடிமைகள் எழுத்தறிவு பெறுவதை அமெரிக்கத் தென் மாநிலங்களின் உடைமையாளர்கள் பெரிதும் அஞ்சினர். படித்தவனை அடக்கி ஆள்வது அரிது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். 1842 ஆம் ஆண்டு கெந்தக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் அடிமையாகப் பிறந்த அலென் அலென்ஸ்வொர்த், சிறுவனாயிருந்தபோது உடைமையாளர் மகனுடன் பள்ளி விளையாட்டு விளையாடி எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். அக்குற்றத்திற்காகவே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார். பின்னர் நெடுந்தொலைவில் உள்ள லூசியானாவில் விற்கப்பட்டார்.

உள்நாட்டுப் போரின்போது அடிமைத்தளையினின்றும் தப்பிய அவர், 1863 ஆம் ஆண்டு கடற்படையில் சேர்ந்தார். போருக்குப்பின் ஆசிரியராகவும் சமயப் போதகராகவும் பணியாற்றினார். 1886 ஆம் ஆண்டு கறுப்பின வீரர்களைக் கொண்ட 24 ஆவது காலாட்படையின் போதகராக அமர்ந்து, அவ்வீரர்களுக்கு எழுத்தறிவு புகட்டினார். 1906 ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபோது அவர் லெப்டினன்ட் கர்னல். அதற்குமுன் கறுப்பினத்தவர் எவரும் அப்பதவியை எட்டியதில்லை.

ஓய்வுக்குப்பின் கலிபோர்னியாவில் குடியேறிய அவர், கல்லூரிப் படிப்பு முடித்த ஆசிரியரான வில்லியம் பெயின் என்பவருடன் கைகோத்தார். தம் இனத்தார் எவருக்கும் தலைவணங்காது வாழ ஓர் ஊர் வேண்டும் என்பது இருவரின் வேட்கை. அதன் விளைவாக 1908 ஆம் ஆண்டு துலாரே மாவட்டத்துச் சமவெளியில் இருப்புப்பாதை ஓரமாக ஓர் ஊர் தோன்றியது. அதற்குக் கர்னலின் பெயரே சூட்டப்பட்டது.

1912 ஆம் ஆண்டு ஊருக்கெனத் தனிப் பள்ளி மாவட்டம் அமைந்தது. பெயின் அதன் தலைமையாசிரியரானார். கர்னலின் துணைவியார் ஜோசபின், 1913 ஆம் ஆண்டு தம் அன்னையின் நினைவாக நூலகம் ஒன்றை ஏற்படுத்தினார். கர்னல் தம் நூல்களை அதற்கு வழங்கினார். ஊரவருள் ஒருவரான ஆஸ்கார் ஓவர், 1914 ஆம் ஆண்டு அவ்வட்டாரத்தின் அமைதி நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆயினும் இன்னல்கள் அடுத்தடுத்து வந்தன. நிலத்தை விற்ற நிறுவனம் வாக்களித்தபடி போதிய நீர் வழங்கவில்லை. 1914 ஆம் ஆண்டு இருப்புப்பாதை நிறுவனம் நிறுத்தத்தை அண்டை ஊருக்கு மாற்றியது; வணிகம் நலிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 14 ஆம் நாள், மன்ரோவியா நகரில் உரையாற்றச் சென்ற கர்னல் மோட்டார் சைக்கிள் மோதி உயிர் நீத்தார். ஊரில் தொழிற்கல்வி நிலையம் அமைக்கும் திட்டத்திற்கு 1915 ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றம் இசைவு தரவில்லை. மக்கள் சிறிது சிறிதாக வெளியேறினர்.

வீடுகள் வெறுமையாயின, பள்ளி மட்டும் 1972 ஆம் ஆண்டுவரை நிலைத்து நின்றது. சிறுவயதில் அவ்வூரில் வளர்ந்து, பின்னர் மாநிலப் பூங்காத் துறையில் வரைவாளராகப் பணிபுரிந்த கார்னீலியஸ் போப், தம் ஊரைப் பாதுகாக்குமாறு இடையறாது வலியுறுத்தினார். பின்னர் அவ்விடம் மாநில வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பள்ளி, நூலகம், கர்னலின் இல்லம் ஆகியவை புதுப்பிக்கப்பெற்றன.

எழுத்தைக் கற்றதற்காக விற்கப்பட்ட சிறுவர், முதுமையில் ஒரு பள்ளிக்கு வித்திட்டார். அவ்வூரை இழந்துவிடாமல் காத்தவரோ அங்கு வளர்ந்த ஒரு பிள்ளை. சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் இடும் வித்து எந்நாளில், எவர் உள்ளத்தில் முளைக்கும் என்பதை யார் அறிவார்?